ஊருக்குப் பொருத்தம் பார்த்தவர்

மச்சாளின் சேலைத் தலைப்பில் எந்நேரமும் ஒரு முடிச்சு இருக்கும். வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முடிந்து வைத்துக்கொள்ளத் திறப்பு இருக்கவேண்டுமென்றால் முதலில் வீடு இருக்கவேண்டுமே! முடிச்சுக்குள் இருந்தது ஒரு சிறங்கை துவரம்பருப்பு.

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கிணற்றடிக்குப் போவார். ஒரு செம்பு தண்ணீர் அள்ளிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்து, "பிள்ளை, கொஞ்ச நேரத்துக்கு ஒரு அடுப்புத் தருவீரோ?" என்று கேட்பார். முன்பின் தெரியாத வீடு என்றாலும் அவருக்குக் கூச்சம் கிடையாது. பருப்பை அவியப் போட்டுவிட்டு, செத்துப்போன கணவரின் றெயில்வே மணிக்கூட்டை இடுப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் குந்துவார். நாற்பது நிமிஷத்தில் பருப்பு மசிந்தால் நல்ல தண்ணீர். ஒரு மணித்தியாலமாகியும் விறைத்துக்கொண்டு கிடந்தால் உவர். அந்த ஊர் சரிவராது. வீட்டுக்காரிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு எழும்பிவிடுவார்.

குடியிருக்க ஓர் ஊர் தேடினார் மச்சாள். எங்கள் யாழ்ப்பாணத்தில் இது கேள்விப்படாத காரியம். ஆம்பிளைக்குப் பிறந்த ஊர், கலியாணம் முடித்தால் பெண்சாதியின் ஊர். பெண்ணுக்கோ தாயின் சீதன வீடு எங்கேயோ அங்கேதான் பிறப்பு, அங்கேதான் தாலி, அங்கிருந்துதான் சுடலைக்கும் போவது. கத்தரிக்காய் பொறுக்குவது போல ஊர் பொறுக்குகிற ஒருத்தியை அதுவரை யாரும் கண்டதில்லை.

சனம் விடுமா? "மாப்பிள்ளை பாக்கிற மாதிரியெல்லோ உவ ஊர் பாக்கிறா! சாதகக் கட்டும் கொண்டு திரியிறாவோ?" என்று கோயில் வீதியில் கதைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்த வாய் என்னுடையதுதான். வயிறு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அவர் என் கணவரின் பெரியப்பா மகள், கணவருக்கு மூத்தவர். அவர் எனக்கு மச்சாள், நான் அவருக்கு மச்சாள். பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் கடைசியில் தெரிந்தெடுத்த ஊரின் பெயரையும் எழுதப் போவதில்லை, அந்த ஊருக்கு என் கையால் விளம்பரம் வேண்டாம். கலியாணம் முடித்த கையோடு சீதன வளவை விற்று, புருஷனோடு மலாயாவுக்குக் கப்பலேறியவர். சிரம்பானில் றெயில்வே கிளாக்கரின் மனைவியாகப் பதினெட்டு வருஷம் இருந்தார். கணவர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் இரண்டு றங்குப்பெட்டியோடு எங்கள் படலையில் வந்து இறங்கினார்.

"ரண்டு கிழமைக்குத்தான், தம்பி. ஒரு நல்ல ஊராப் பாத்து எடுத்த உடனை போயிடுவன்," என்றார் என் கணவரிடம்.

இரண்டு கிழமை பதினொரு மாதமாக நீண்டது.

எங்கள் வீடு கரவெட்டிப் பக்கம். அதன் வடக்கு அறையில் நான் பிறந்தேன். பெரிய பிள்ளையானபோது அதே அறையில் இருத்தினார்கள். முற்றத்தில் பந்தல் போட்டுத் தாலி கட்டினார்கள். திரும்பவும் அந்த வடக்கு அறையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பெற்றேன். இதை எழுதுவதும் அதே அறையில் இருந்துதான். என் வாழ்க்கையின் நெடும் பிரயாணம் குசினியிலிருந்து கோயில் கிணற்றுக்கு. எங்கள் வளவுக் கிணறு உவர். உடுப்புத் தோய்க்கலாம், வாழைக்கு இறைக்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் சமைக்கவும் விடிய ஒரு குடம், பின்னேரம் ஒரு குடம் என்று கோயில் கிணற்றிலிருந்து இடுப்பில் காவினேன். இருபது வருஷம் காவியவளின் முன்னால் ஒருத்தி வந்து நின்று, "தண்ணி நல்லா இருக்கிற ஊராப் பாத்துத்தான் இருப்பன்" என்றால் எப்படி இருக்கும்?

அவரிடம் நகை நிறைய இருந்திருந்தால் நான் பொறாமைப்பட்டிருக்க மாட்டேன். என்னைவிட அவர் அழகு, அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு ஊருக்குப் போய், நின்று பார்த்து, 'இது எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாரே, அந்த நடையைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஊர் பார்க்கப் போகும்போது துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வாடகைக்கு ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டி பிடிப்போம். ஒருமுறை பனங்கூடலும் வயலும், நடுவில் குளமுமாக இருந்த ஓர் ஊருக்குப் போனோம். குளம் நிறையத் தாமரை. வரம்பெல்லாம் கொக்கு. பருப்பு முப்பத்தைந்து நிமிஷத்தில் மசிந்துவிட்டது. மச்சாளின் முகத்தைப் பார்த்ததும் இன்றோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். வாசிகசாலை வாசலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் சால்வையும் தலைப்பாகையுமாக நின்று தம் ஊரின் பெருமையை அவிழ்த்துவிட்டார். தபாற்கந்தோர் இருக்கிறது, வாசிகசாலைக்கு மூன்று பேப்பர் வருகிறது, வருகிற தையோடு இங்கிலீஷ் பள்ளிக்கூடமும் திறக்கப் போகிறார்கள்.

"முன்னேற்றமான ஊர், பிள்ளை. யோசிக்கிறதுக்கு ஒண்டுமில்லை," என்றார்.

"சந்தோசம், ஐயா. உந்தக் கிணத்திலை ஆர் ஆர் அள்ளலாம்?"

பெரியவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "ஊர்ச்சனம்தான்."

"அப்ப வெளியிலை குடத்தோடை நிக்கிற பொம்பிளையள் எந்த ஊர்?"

கிணற்றுக் கட்டுக்கு வெளியே, வெயிலில், நாலு பெண்கள் வெறுங்குடத்தோடு நின்றார்கள். அவர்கள் பிறந்த சாதிக்குக் கிணற்றைத் தொட அனுமதி இல்லை. தொடக்கூடியவர்கள் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். எங்கள் கோயில் கிணற்றிலும் அப்படித்தான். நான் தினமும் அங்கே நிற்பவர்களுக்கு இரண்டு வாளி ஊற்றிவிட்டு, புண்ணியம் தேடியவளாக வீட்டுக்கு வருவேன்.

"அவைக்கு நாங்கள் அள்ளி ஊத்துறனாங்கள்தானே, பிள்ளை. ஒருத்தரையும் தண்ணியில்லாமல் விடுறேல்லை," என்றார் பெரியவர்.

மச்சாள் மசிந்த பருப்பைக் காகத்துக்குக் கொட்டிவிட்டு வந்தார். "வாரும் மச்சாள், போவம்."

எனக்குத் தாமரையை விட்டுவர மனமில்லை. திருக்கலில் ஏறியதும், "உதெல்லாம் பாத்தால் உங்களுக்கு ஒரு ஊரும் அம்பிடாது," என்றேன்.

"சிரம்பானிலை பைப்படியிலை எல்லாரும் ஒரே வரிசைதான், மச்சாள். முதல் நாள் எனக்கும் அருவருப்பாத்தான் கிடந்தது, ஏன் பொய் சொல்லுவான்? ரண்டாம் நாள் எனக்கு முன்னாலை நிண்ட மனிசி என்ரை குடத்தையும் வாங்கி நிரப்பித் தந்தா. பேந்து ஒண்டும் தெரியேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது பிழை என்றல்ல. இருபது வருஷம் கிணற்றடியிலேயே நின்ற எனக்கு வராத யோசனை, கப்பலில் வந்து இறங்கியவருக்கு வந்துவிட்டதே என்று.

இன்னோர் ஊரில் தண்ணீர் சரி. கிணறும் பரவாயில்லை, எல்லோரும் அள்ளினார்கள். பள்ளிக்கூடம் பார்க்கப் போனோம். ஆண் பிள்ளைகள் வாங்குப் பலகையில் இருந்தார்கள், பெண் பிள்ளைகள் பின்னால் நிலத்தில் பாய் விரித்து இருந்தார்கள். மலாயாவிலிருந்து வந்த அம்மா என்று தலைமை வாத்தியார் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார். மச்சாள் கதிரையைத் தாண்டிப் போய்ப் பாயில் பெண் பிள்ளைகளோடு இருந்துகொண்டார். வாத்தியார் நின்றுகொண்டு கதைத்தார். மச்சாள் மேலே பார்த்துப் பதில் சொல்லவில்லை. வாத்தியார் குனிந்து கதைத்தார். அதற்கும் பதில் இல்லை. கடைசியில் அந்த மனிசன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் குந்தவேண்டி வந்தது.

"இப்ப பாருங்கோ, ஐயா," என்றார் மச்சாள் மெல்ல. "இங்கையிருந்து கரும்பலகை தெரியுதோ?"

அவருக்கென்று போட்ட கதிரையில் நான்தான் இருந்தேன். வெறும் கதிரை கிடக்கும்போது நிலத்தில் இருக்க எனக்கென்ன பைத்தியமா? அங்கிருந்து பார்க்க, அவர்கள் இரண்டு பேரும் என் காலடியில் குந்தியிருப்பதுபோல் இருந்தது. அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு நல்லாகத்தான் இருந்தது.

மரம் பார்ப்பதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. நடு மத்தியானம் ஒரு வேம்புக்கோ இலுப்பைக்கோ கீழே, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். நான் திருக்கல்காரனின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்ப்பேன். "நிழல் இல்லாத ஊரிலை சனம் வெளியிலை நிண்டு கதைக்காது. கதைக்காத சனத்தோடை என்னண்டு இருக்கிறது?" என்பார். எந்த நேரத்தில் குயில் கத்தும் என்று வழியில் போகிறவர்களை மறித்துக் கேட்பார். கேட்டவர்கள் தலையைச் சொறிவார்கள். என் ஊரில் குயில் எந்த நேரத்தில் கத்தும் என்று அப்போது எனக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று நாள் காது கொடுத்துக் கேட்டேன்.

வீட்டில் நடந்ததுதான் இன்னும் மோசம். என் கணவர் தமிழ் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் கதைத்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவருக்கு வார்த்தைப் பஞ்சம். மச்சாள் வந்தபின் அந்தப் பஞ்சம் தீர்ந்தது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, பெண்களுக்கு வாக்குக் கொடுத்தது சரியா, கோயிலை எல்லோருக்கும் திறக்கலாமா என்று இரண்டு பேரும் விளக்கு வைக்கும்வரை கதைப்பார்கள். "அக்கா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று அவர் கேட்பது குசினிக்குள் எனக்குக் கேட்கும். என்னிடம் அவர் கருத்துக் கேட்டது ஒரே ஒரு விஷயத்தில்தான், "இஞ்சேரும், கறிக்கு உப்புப் போதுமோ?"

பிள்ளைகளும் மாமி மாமி என்று அவர் பின்னால்தான். குறை சொல்லக்கூடிய ஆளாக இருந்தாலாவது சண்டை பிடிக்கலாம். எங்கள் உவர்த் தண்ணீரில் முழுகி அவருடைய நீளத் தலைமயிர் சிக்குப் பிடித்தது. ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பதினொரு மாதம் காத்திருந்தேன். சொல்லவில்லை. இரவல் தலையணையில் படுப்பவர்கள் இப்படி நல்லவர்களாக இருக்கவே கூடாது.

எங்கள் கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வளவு. உடையவர்கள் கொழும்போடு போய்ப் பல வருஷம். மாவும் பலாவும் விளாத்தியும் தம் பாட்டில் வளர்ந்து காடாகிக் கிடந்தன. செண்பகப் பறவையும் அணிலும் கிளியும்தான் அங்கே குடியிருப்பு. ஒரு கிணறு இலை விழுந்து மூடிக் கிடந்தது. மச்சாள் வந்த பத்தாவது மாதம் அந்த வளவு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டோம்.

அன்று பின்னேரம் நான் கோயில் கிணற்றிலிருந்து குடத்தோடு வரும்போது மச்சாள் வேலி இடுக்கால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சாள், உந்த வளவை எடுத்தால் என்ன?"

குடம் என் இடுப்பில் வழுகியது. "எங்கடை ஊரோ? எங்கடை ஊரும் உங்கடை சோதினையிலை பெயில்தானே?"

"ஓம், பெயில்தான்." அவர் சிரித்தார். "ஊர் ஊராத் திரிஞ்சு நானும் களைச்சுப் போனன். ஒரு கிணறெண்டாலும் எங்கடை கையிலை இருந்தால் அதிலையிருந்து துவங்கலாமெல்லோ? ரோட்டுப் பக்க வேலியை உள்ளுக்குத் தள்ளிப் போட்டு, ஆரும் வந்து அள்ளட்டும் எண்டு விட்டிடுவன். உந்த வேலியிலை ஒரு பொட்டு வைச்சால் நீரும் நானும் வந்து போகலாம். நீர் கோயிலடிக்குக் குடம் காவவும் தேவையில்லை."

பொட்டு என்றால் அயல் வீட்டுப் பெண்கள் ரோட்டுக்குப் போகாமல் புகுந்து வர வேலியில் விடுகிற வழி. அவர் சொன்னதில் எனக்குக் கெடுதலான ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பொட்டுக்குள்ளால் என் கணவர் பேப்பரோடு போவதும், பிள்ளைகள் ஓடுவதும் கண்ணுக்குள் தெரிந்தது. இருபது வருஷமாக நான் குடம் காவிய ஊரை இவர் இரண்டு மாதத்தில் நல்ல ஊராக்கிப் போடுவார். பிறகு நான் காவிய இருபது வருஷத்துக்கும் என்ன பெயர்?

என் கணவர் நாலு ஆள் பிடித்து அந்தக் கிணற்றைக் கலக்கி இறைப்பித்தார். இரண்டாம் நாள் புது ஊற்று வந்து தெளிந்தது. மச்சாள் ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "நாக்கு நல்ல தண்ணி எண்டு சொல்லுது," என்றார். எங்கள் பக்கத்தில் அது புதுமையில்லை, ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் உவர் இருக்கும், அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் இருக்கும். ஆனாலும் நாக்கை மட்டும் நம்புகிற ஆளா அவர்? ஒரு செம்பு நிறைய அள்ளிக்கொண்டு வந்து எங்கள் குசினியில் வைத்துவிட்டு, "முழுகிப்போட்டு வந்து பருப்பைப் போடுறன்," என்று துவாயை எடுத்துக்கொண்டு போனார்.

செம்பும் நானும் குசினியில் தனியே நின்றோம். அதை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்னால், கோடிப்பக்கம் போனேன். தண்ணீரை வாழையடியில் ஊற்றினேன். எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, செம்பை அதே அளவுக்கு நிரப்பி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் நீங்கள் என்னைக் கொஞ்சம் மன்னிப்பீர்கள், ஆனால் நடுங்கவில்லை.

மணிக்கூடு மடியில் இருந்தது. நாற்பது நிமிஷம் போனது. ஒரு மணித்தியாலம் போனது. நான் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவினேன். மச்சாள் ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார். கல். பருப்புத் தண்ணீரையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உவர்க்குது, மச்சாள். மேல் தண்ணி நல்லாத்தான் இருந்தது. ஊத்திலை உவர் இருக்குதுபோலை."

"ஓம், எங்கடை கிணறும் துவக்கத்திலை உப்பிடித்தானாம்," என்றேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் மச்சாளுக்கு இட்ட உப்பு அது.

அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கனநேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பதினொரு மாதத்தில் அவர் ஓர் ஊரை வேண்டாம் என்றபோது முகம் வாடிப்போனதை அன்றுதான் கண்டேன். கிணற்றை எல்லோருக்கும் திறந்துவிடுவார் என்ற பயத்தில் இதைச் செய்தேன் என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு எங்கள் ஊர் என்னை மெச்சியிருக்கும். அது காரணமில்லை. அவர் எனக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

அடுத்த மாதமே அவருக்கு ஊர் கிடைத்தது. தொண்டைமானாறு தாண்டி, மேற்கே, ஒரு செம்மண் ஊர். றங்குப்பெட்டிகளோடு போய்விட்டார். கிழக்கு வளவை வேறு ஆட்கள் வாங்கினார்கள். முதல் வேலையாக மதில் கட்டினார்கள். இரண்டாவதாகக் கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டினார்கள். ஒரு நாள் அவர்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்த என் கணவர், "இஞ்சேரும், அந்தத் தண்ணி தேன் மாதிரிக் கிடக்குது. அக்கா உவரெண்டு சொன்னாவே?" என்றார். "மாரி மழைக்கு மாறியிருக்கும்," என்றேன். அவர் வாத்தியார்தான், ஆனாலும் நம்பினார். நான் தொடர்ந்து கோயில் கிணற்றுக்குக் குடம் காவினேன். வெளியே நின்ற பெண்களும் தொடர்ந்து நின்றார்கள். அவர்களின் முகத்தைப் பார்க்காமல் ஊற்றப் பழகிக்கொண்டேன்.

எட்டு வருஷம் மச்சாளின் ஊருக்கு நான் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சாட்டு. என் கணவர் போய் வருவார். ஒரு பை மாம்பழமும் ஒரு பை கதையும் கொண்டு வருவார். அக்கா வாசிகசாலையில் பெண்களுக்கென்று ஒரு பின்னேரம் வாங்கிவிட்டாவாம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வேப்பங்கன்று வைப்பித்துவிட்டாவாம். நான் மாம்பழத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

அதற்குள் உலகச் சண்டை வந்தது, அரிசியைக் கூப்பனுக்கு அளந்து தரும் காலம் வந்தது. என் கணவர் திடீரென்று காலமானார். மகனுக்குக் கொழும்பில் உத்தியோகம். மகளுக்குக் கலியாணம் பேசி, வழமைப்படி வீட்டையும் வளவையும் அவள் பெயருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தேன். வடக்கு அறையில் என் பாய் கிடக்கலாம் என்று மருமகன் பெருமனதோடு சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்ட அடுத்த கிழமை நான் பஸ் ஏறி மச்சாளைப் பார்க்கப் போனேன்.

என் கணவர் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன். குறைத்துத்தான் சொல்லியிருந்தார். ரோட்டு நெடுக வேம்பு குடை பிடித்திருந்தது. சந்தியில் ஊர்க் கிணறு. துலாவில் ஒருத்தி, கட்டைச் சுற்றி மூன்று பேர், வரிசையில் ஏழெட்டுப் பேர். யார் என்ன சாதி என்று நின்று பார்த்தேன், பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்து யன்னலால் பார்த்தேன். பெண் பிள்ளைகள் வாங்கில் இருந்தார்கள். அந்த ஊர் நல்ல ஊர் என்று மச்சாள் போனாரா, மச்சாள் போனதால் நல்ல ஊரானதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வயிறு எட்டு வருஷத்துக்கு முன் எரிந்தது போலவே எரிந்தது.

மச்சாளுக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனால் மயிர் சிக்கில்லாமல் பஞ்சு போலக் கிடந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தார். தம்பியைச் சொல்லி அழுதார். எனக்குப் பலாப்பழம் அறுத்துத் தந்தார்.  எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோக, "மச்சாள், அண்டைக்குச் செம்பிலை கிடந்தது எங்கடை கிணத்துத் தண்ணி. நான்தான் மாத்தி வைச்சனான்," என்று கொட்டிவிட்டேன்.

அவர் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கை தட்டிச் சிரித்தார்.

"அப்ப என்ரை நாக்குப் பிழையில்லை! எட்டு வரிசமா நான் என்ரை நாக்கை நம்பேல்லை, தெரியுமோ? கறிக்கு உப்புப் பாக்கவும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கூப்பிடுறனான்!"

ஏசுவார், துரத்துவார் என்று வந்த எனக்கு இது அடியைவிட வலித்தது. கொஞ்ச நேரம் சென்றபின்தான் அவருடைய சிரிப்பு அடங்கியது.

"ஏன் மச்சாள் அப்பிடிச் செய்தனீர்?"

"எரிச்சல். உங்களிலை எரிச்சல்."

"என்னிலையோ?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "என்னட்டை எரிச்சல்பட என்ன கிடந்தது?"

"நீங்கள் உங்களுக்கு வேண்டின ஊரைப் பாத்து எடுக்கத் திரிஞ்சனீங்கள்."

"போக்கிடம் இல்லாதவள்தான், மச்சாள், ஊர் ஊராப் பாத்துத் திரியிறவள்." அவர் என்னைப் பார்க்காமல் பலாச்சுளையின் தும்பை உரித்துக்கொண்டிருந்தார். "உந்தத் தாமரைக் குளத்து ஊரை விட்டிட்டு வரேக்கை எனக்கு மனம் கேட்டதெண்டே நினைச்சனீர்? கடைசியா உம்மடை வேலிக்கரையை ஏன் கேட்டனான்? மரத்துக்கில்லை, கிணத்துக்குமில்லை. தனிய இருந்து இருந்து அலுத்துப்போச்சு. நீர் பக்கத்திலை இருப்பீர் எண்டுதான் கேட்டனான்."

 வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்ததை, வடக்கு அறையை, பாயை எல்லாம் அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார் போலும். என் கையைப் பிடித்து எழுப்பி, வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவருடைய வீட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன வளவு. இரண்டு அறை வீடு. முற்றத்தில் ஒரு மாதுளை பூத்து நின்றது.

"ஆக்கள் இல்லை. சும்மா கிடக்குது. தண்ணி திறம். ஒருத்தரும் உம்மை ஒண்டும் கேக்காயினம். இனியெண்டாலும் உமக்கு வேண்டின இடத்திலை இருமன்." பிறகு கேட்டார், "வாறீரோ?"

எனக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. மகளுக்கு நான் தேவையில்லை. மகன் ஒன்றும் சொல்லமாட்டான். புருஷன் இல்லை. தடுக்க உலகத்தில் ஒருவரும் இல்லை. மாதுளைக்குக் கீழே நின்று அந்த இரண்டு அறையையும் பார்த்தேன்.  ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டை விட்டுப் புறப்படும்போது 'போறன்' என்று யாரும் சொல்வதில்லை, அது அபசகுனம். 'வாறன்' என்றுதான் சொல்வோம். திரும்பி வந்தாலும் வாறன்தான், வராவிட்டாலும் வாறன்தான்.

"வாறன், மச்சாள்," என்றேன். என் பையை எடுத்துத் தோளில் போட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ் என்ற சொல் அவருடைய காதில் விழவில்லை. இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியும் நீர் வருவீரெண்டு," என்றார். கண் நிறைந்திருந்தது. நான் அவரைத் திருத்தவில்லை. படலையைச் சாத்திவிட்டு வேம்புகளுக்குக் கீழால் சந்திக்கு நடந்தேன். பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.